குளக்கட்டுக்குள் ஒரு கற்குழி

வன்னியில் காடு வெட்டிக் கச்சானோ மிளகாயோ போட இறங்குகிறவரின் காணிக்குள் சிலவேளை அது அகப்படும். முதலில் நீளமான ஒரு மேடு தெரியும். பாலையும் வீரையும் வேரோடி, கறையான் புற்று எழும்பி, அந்த இடத்தில் நிலமே அப்படித்தான் உயர்ந்து கிடக்கிறது என்று நினைக்க வைக்கும். மேட்டின் ஓரிடத்தில் மண் உள்வாங்கியிருக்கும். பற்றையை விலக்கி இறங்கிப் பார்த்தால் நாலு பக்கமும் செதுக்கிய கருங்கற்சுவர். ஒரு ஆளின் நீளத்துக்குக் கற்கள். பொருத்துகள் இன்னும் விலகவில்லை. படிக்கட்டில்லை, வாசலில்லை, கூரை இருந்த அடையாளமும் இல்லை. அடியில் மண் மூடிய துவாரங்கள் மட்டும் தெரியும், அவையும் ஒரு பிள்ளை தவழ்ந்து போகக்கூடிய அளவுதான்.

பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். புதையல் அறை என்பார் ஒருவர். பழைய கோயிலின் மூலஸ்தானம் என்பார் இன்னொருவர். சுரங்கப்பாதையின் வாய், அரசன் ஆளைப் போட்டு வைத்த சிறை, அரசி குளித்த கிணறு என்று கதைகள் வளரும். இந்தக் கதைகளை நான் குறைத்துப் பேசமாட்டேன். விளக்கம் எதுவும் எழுதி வைக்காமல் விட்டுப்போன ஒரு பொருளைக் கண்டால் மனிதர் இப்படித்தான் யோசிப்பார்கள். ஆனால் அந்தக் குழியின் உண்மைக் கதை இவை எல்லாவற்றையும் விடப் பெரியது. அந்த மேடு ஒரு குளக்கட்டு. அந்தக் குழி அதன் துருசின், அதாவது நீரைத் திறந்துவிடும் அமைப்பின், நடுக்கிணறு. சிங்களத்தில் பிசோகொட்டுவ என்பார்கள். நீரைப் பிடித்து வைப்பதை விட அடக்கி வெளியே விடுவதுதான் கடினம் என்று அறிந்தவர்கள் கட்டிய இயந்திரம் அது. அது பிறந்து, உழைத்து, கைவிடப்பட்டு, காட்டுக்குள் கிடந்து, மறுபடி மனிதர் கண்ணில் பட்ட பயணத்தைத்தான் எழுத விரும்புகிறேன்.

பாறையிலிருந்து தொடங்க வேண்டும். இலங்கையின் நிலவியலாளர்கள் நாட்டின் அடிப்பாறைகளைப் பெரும் தொகுதிகளாகப் பிரித்து, அவற்றில் ஒன்றுக்கு வன்னியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். வன்னித் தொகுதி என்று அவர்கள் சொல்வது வன்னிப் பெருநிலத்துக்கு வெளியேயும் வெகுதூரம் பரந்த மிகப் பழைய உருமாறிய பாறை. பூநகரிப் பக்கம், மன்னார்க் கரைப் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல் வரும். வவுனியாவிலும் முல்லைத்தீவின் தெற்கிலும் காட்டுக்குள் மொட்டையாக எழும்பி நிற்பது இந்தக் கருங்கல்தான். பழைய குளங்களை அண்டிய பாறைகளில் சிறு குழிகள் ஒரே நேர்கோட்டில் வரிசையாக இருப்பதைக் காணலாம். ஆப்பு இறக்கிப் பாறையைப் பிளந்த தடங்கள் அவை. ஒரு வரிசையில் பாதியில் நிறுத்திவிட்டுப் போன வேலையும் உண்டு. குழி போட்டிருக்கும், கல் பிளக்கப்பட்டிருக்காது. எதற்காக நிறுத்தினார்கள் என்பதை அந்தக் கல்லால் சொல்ல முடியாது, ஆனால் எப்படி வேலை செய்தார்கள் என்பதை முழுதாகச் சொல்லிவிடும்.

பிளந்த கல்லைக் குளக்கட்டுக்குக் கொண்டுவந்து அடுக்கியது ஒரு கணக்கோடு. உள்பக்கம் முகம் செதுக்கிய கருங்கல். அதன் முதுகில் செங்கல்லும் சுண்ணச்சாந்தும். அதற்கும் பின்னால் மிதித்து இறுக்கிய களி. கல் மோதலைத் தாங்கும், செங்கல் கல்லைப் பிடித்திருக்கும், களி நீர்க்கசிவை நிறுத்தும். மூன்றில் எது தவறினாலும் கட்டு போய்விடும்.

ஏன் இவ்வளவு சிரமம்? வன்னியின் மழையை அறிந்தவர்களுக்கு விளங்கும். ஐப்பசியில் தொடங்கித் தை வரை கொட்டித் தீர்த்துவிட்டு வானம் போய்விடும். ஆறுகள் எல்லாம் மழைக்கால ஆறுகள். பாலியாறும் பேராறும் கனகராயன் ஆறும் மாரியில் கரை புரண்டு, கோடையில் மணலாகக் கிடக்கும். ஆகவே ஓடுகிற தண்ணீரை மறித்துத் தேக்க வேண்டும், பயிருக்குத் தேவைப்படும்போது தேவையான அளவு விடவும் வேண்டும். மறிப்பதற்கு மண்ணும் ஆட்களும் போதும். விடுவதில்தான் சிக்கல்.

சிறு குளமென்றால் பெரிய பிரச்சினை இல்லை. கட்டின் அடியால் ஒரு மண்குழாய், நீர்ப்பக்க வாயில் ஒரு அடைப்பு. ஒருவர் மூழ்கிப் பிடுங்கிவிட்டு வரலாம். கட்டை வெட்டி விட்டுப் பிறகு மூடினாலும் நடக்கும். குளம் பெருத்துப் பத்து மீற்றர் ஆழம் வந்துவிட்டால் கதை வேறு. பத்து மீற்றர் நீருக்கு அடியில் ஒரு சதுர மீற்றர் பரப்பில் பத்துத் தொன் அழுத்தம். அந்த ஆழத்தில் ஒரு துவாரத்தைத் திறந்தால் நீர் செக்கனுக்கு ஏறக்குறைய 14 மீற்றர் வேகத்தில், அதாவது வீதியில் போகும் பஸ்ஸின் வேகத்தில் பீறிட்டு வரும். அதன் முன்னே மனிதர் மூழ்க முடியாது. குழாயின் வெளிவாயில் கதவு போட்டு அடைக்கலாம் என்றால், அப்போது குளத்தின் முழு அழுத்தமும் எப்போதும் கட்டின் வயிற்றுக்குள் இருக்கும். எங்கேயாவது ஒரு கல் விலகினால் போதும். நீர் மண்ணுக்குள் வழி பிடித்து, களியைக் கரைத்து, உள்ளிருந்தே கட்டை அரித்துக்கொண்டு போகும். வெளியே தெரியும் வேளையில் ஊர் தப்ப நேரமிராது. மண் அணைகள் உடைவதற்கான முக்கிய காரணங்களில் இது ஒன்று என்று இன்றைய பொறியியல் பாடநூல்களும் எழுதுகின்றன.

இதற்குக் கண்டுபிடித்த விடைதான் அந்தக் கற்குழி. கட்டின் நீர்ப்பக்கத்தில், கட்டின் உச்சியிலிருந்து அடிவரை செங்குத்தாக இறங்கும் சதுரக் கிணறு. குளத்தின் அடியிலிருந்து கல்மதகுகள் அதற்குள் நீரைக் கொண்டுவரும். எதிர்ப்பக்கத்தில் வேறு மதகுகள் நீரைக் கட்டுக்கு வெளியே வாய்க்காலுக்கு எடுத்துச் செல்லும். நடுவிலிருக்கும் குழியில் வைத்து நீர் அடக்கப்படும். பாய்ந்து வந்த வேகத்தை அங்கேயே கல்லில் மோதி இழந்து, தணிந்து, பிறகு வெளியேறும். மூடிய நேரத்தில் வெளிமதகுகள் வெறுமையாக இருக்கும். கட்டின் வயிற்றுக்குள் அழுத்தம் இராது. குழிக்குள் ஆள் இறங்கித் திருத்த வேலையும் செய்யலாம்.

இதன் பெறுமதி எனக்கு உறைத்தது ஐரோப்பாவில் நடந்த ஒரு அழிவைப் படித்தபோது. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகருக்கு மேலே டேல் டைக் என்ற இடத்தில் புதிதாகக் கட்டிய மண் அணை, 1864 மார்ச் 11 இரவு, முதல் முறையாக நிரம்பிக்கொண்டிருந்த வேளையில் உடைந்தது. 240 பேருக்கு மேல் இறந்தார்கள். உடைவுக்கான காரணம் பற்றிப் பல காலம் வாதம் நடந்தது. ஆனால் அந்த அணையின் மீது வைக்கப்பட்ட கடும் குறைகளில் ஒன்று, வெளியேற்றக் குழாய்களைக் கட்டின் அடியால் போட்டு, அடைப்பை வெளிப்பக்கத்தில் வைத்தது. குழாய் முழுவதும் எப்போதும் குளத்தின் அழுத்தத்தில் இருந்தது. நீராவி இயந்திரமும் ரெயிலும் செய்த ஒரு நாடு, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் அடைப்பை நீர்ப்பக்கத்தில் கிணற்றுக்குள் வைக்கும் வழக்கத்துக்குப் பரவலாக வந்துகொண்டிருந்தது. வன்னிக் காட்டில் அதே வேளையில் அந்தக் கிணறுகள் வேர் பிடித்துக் கிடந்தன.

தமிழகத்துக்கும் இதே சிக்கல் இருந்தது. அங்கே விடை வேறு வடிவில் வந்தது. பாண்டி நாட்டிலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் ஏரிகளுக்குள் இரண்டு நெடிய கற்றூண்கள் நிற்பதைக் காணலாம். இடையில் குறுக்குக் கற்கள், அவற்றின் நடுவே துளை. அந்தத் துளைகளூடாக ஒரு தண்டு மேலும் கீழும் போய் ஏரியின் அடியிலுள்ள வாயை அடைக்கும், திறக்கும். குமிழித் தூம்பு என்பது அதன் பெயர். அந்தத் தூண்களில் பலவற்றில் கல்வெட்டு உண்டு. இன்னார் செய்வித்தது என்று ஒரு கொடையாளியின் பெயராவது இருக்கும். வன்னித் துருசின் சுவரில் எனக்குப் பெரிய ஏக்கம் தருவது இதுதான். கல்லை இவ்வளவு நேர்த்தியாகச் செதுக்கியவர்கள் அதில் ஒரு பெயரையும் செதுக்கவில்லை.

எழுத்து இல்லாத நாடென்று சொல்லவும் முடியாது. வன்னியின் தெற்கு விளிம்பில், இன்று அநுராதபுர மாவட்டத்துக்குள் வரும் பதவியாக் குளத்தின் சுற்றாடலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. இரவிகுலமாணிக்க ஈஸ்வரம் என்ற சிவன் கோயிலுக்குக் கொடுத்த கொடைகளை அவை பட்டியலிடுகின்றன. கோயிலுக்குக் கொடுத்தவர் பெயர் கல்லில் ஏறியது. அந்தக் கோயிலின் விளக்குக்கும் அமுதுபடிக்கும் நெல் விளையத் தண்ணீர் திறந்தவர் பெயர் எங்கும் ஏறவில்லை. யார் அவர்? மாரியில் குளம் ஏறும் வேகத்தைப் பார்த்து, மிகைநீர் வழியும் வான் பாயுமா என்று கணித்து, எந்த வயலுக்கு எந்த நாள் என்று கண்டவர். துருசின் உயிர் அவர் கையில்தான் இருந்தது. கல் அவருடைய கருவி.

கருவியின் ஒரு பாகம் அழிந்தும் போயிற்று. குழியின் நடுவே நீரை மறித்த அடைப்பு மரத்தால் ஆனது. மரம் உக்கிப்போனது. கல்லில் சில பள்ளங்களும் காடிகளும் மட்டும் மிஞ்சின. அவற்றை வைத்து, பலகையை மேலே தூக்கினார்களா, தண்டை இறக்கி அடைத்தார்களா, நீரின் அழுத்தத்தையே கதவை இறுக்கப் பயன்படுத்தினார்களா என்று பொறியியலாளர் இன்றுவரை ஆராய்கிறார்கள். மர்மம் என்று சொல்வதானால் இதைச் சொல்லலாம். புதையலை விட இது என்னை அதிகம் தூங்கவிடாத கேள்வி.

காலத்துக்கு வருவோம். வவுனிக்குளம் முல்லைத்தீவு மாவட்டத்தில், மல்லாவிக்கும் பாண்டியன்குளத்துக்கும் அருகில் பாலியாற்றை மறித்து நிற்கிறது. ஊர் வழக்கு அதை எல்லாளன் கட்டியது என்கிறது. மகாவம்சம், அநுராதபுரத்துக்கு வடக்கே ஏழு யோசனை தூரத்தில் பேளிவாபி என்றொரு ஊரைத் துட்டகைமுனு காலக் கதையில் சொல்கிறது. பேளிவாபி வவுனிக்குளமே என்று ஆய்வாளர் இனங்கண்டார்கள். இரண்டு கதைகளும் எதிர்த் தரப்புகளிலிருந்து வந்தாலும், குளம் கிறிஸ்துவுக்கு முற்பட்டது என்பதில் ஒன்றாகவே நிற்கின்றன. எல்லாளனுக்கும் துட்டகைமுனுவுக்கும் நடந்த போரைப் பற்றி எழுதி முடியாத நாட்டில், அந்த இரண்டு பேரின் காலத்திலும் ஒரே துருசுதான் நெல்லுக்குத் தண்ணீர் விட்டிருக்கக்கூடும் என்பதை யாரும் பெரிதாக எழுதியதில்லை.

பிறகு அது நூற்றாண்டுகளாக உழைத்தது. அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஏனென்றால் ஒழுங்காக வேலை செய்யும் துருசைப் பற்றி எவரும் எழுதி வைப்பதில்லை. 13ஆம் நூற்றாண்டுக்குப் பின் பெரிய இராசதானிகள் தெற்கே நகர்ந்தன, வடக்கே யாழ்ப்பாண இராச்சியம் எழுந்தது, நடுவில் வன்னியர்கள் ஆண்டார்கள். சிறு குளங்களை வன்னி ஊர்கள் விடாமல் காத்தன. பெருங்குளங்களுக்கு ஒரு ஊர் போதாது. பல ஊர்களின் ஆட்களைக் கூட்டிக் கட்டு திருத்த ஒரு அதிகாரம் வேண்டும். அது சிதறியபோது துருசின் வாய் தூர்ந்தது. தூர்ந்தால் நீர் வெளியேற வழியில்லை, மாரியில் நீர் மேலேறும், வான் தாங்காது, கட்டு பலவீனமான இடத்தில் அறுக்கும். அறுத்த பிறகு குளத்தின் வயிற்றில் காடு. குளம் போன இடத்தில் மலேரியா. மிஞ்சிய சனமும் குறைந்தது. 1782இல் ஒல்லாந்தப் படையதிகாரி நாகல் வன்னியை அடக்கினார். 1803இல் பண்டார வன்னியனின் எழுச்சியை ஆங்கிலேயர் முறியடித்தார்கள். வரி கேட்க வந்தவர்கள் பலர். குளம் திருத்த வந்தவர்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இல்லையென்றே சொல்லலாம்.

இலங்கையில் குடியேற்றச் செயலாளராக 1845 முதல் 1850 வரை இருந்த எமர்சன் டெனென்ட் அந்தக் காலத்தில் பதவியாவுக்குக் காட்டு வழியே போனார். 1859இல் வந்த அவருடைய நூலில் அந்தத் துருசைப் பற்றி எழுதிய பகுதியில் வியப்பு மறைக்கப்படவில்லை. ஆறு முதல் பன்னிரண்டு அடி நீளமான கற்கள், இன்னும் மழுங்காத விளிம்புகள், உளியின் தடம் அப்படியே. கல் வரிசைகள் நீரின் தள்ளலுக்கு விலகிவிடாதபடி, நீண்ட கற்களைக் குறுக்கே செருகி அவற்றின் தலையால் பூட்டியிருந்தார்கள். வெளியே நீட்டி நின்ற அந்தத் தலைகளில் யானை முகம் செதுக்கியிருந்தது. யாரும் போய்ப் பார்க்காத குளத்தங்கரைச் சுவருக்கு யானை முகம் எதற்கு என்று கேட்கலாம். அந்த வேலையைச் செய்தவர் அதைக் கோயிலை விடக் குறைந்த வேலையாக நினைக்கவில்லை என்பதுதான் எனக்குக் கிடைக்கும் பதில். பூட்டுக்கல் பொறியியல். அதில் யானை முகம் அவருடைய மகிழ்ச்சி.

டெனென்ட் பார்த்து வியந்தார். அளந்தவர் ஹென்றி பார்க்கர். 1873 முதல் 1904 வரை இலங்கையில் நீர்ப்பாசன வேலையில் இருந்தவர். சிங்களக் கிராமங்களின் நாட்டார் கதைகளைத் தொகுத்து மூன்று பெரிய நூல்களாக வெளியிட்டவரும் அவர்தான். இரண்டு வேலைக்கும் ஒரே குணம் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். ஊர்ச்சனம் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கவேண்டும். காட்டுக்குள் கிடந்த குளங்களைத் திருத்தலாமா என்று பார்க்கப் போனவர், திருத்துவதற்கு முன் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தார். குழியை அளந்தார். உள்ளே வரும் மதகின் வாயையும் வெளியேறும் மதகின் வாயையும் கணக்கிட்டுப் பார்த்தார். செங்கல்லையும் விடவில்லை. பழைய செங்கல் பெரிதாக இருக்கும், காலம் போகப்போக அளவு மாறும் என்று கண்டு, நீள அகல உயரங்களைக் குறித்து, ஒரு கட்டுமானத்தின் வயதைச் செங்கல்லிலிருந்து மதிப்பிடும் வழியை வகுத்தார். இந்த வழியால்தான் வவுனிக்குளத்தையும், வவுனியா மாவட்டத்துப் பாவற்குளத்தையும் நாட்டின் மிகப் பழைய பெருங்குளங்களின் வரிசையில் வைத்தார்.

1909இல் வெளிவந்த அவருடைய பண்டைய இலங்கை பற்றிய நூலில், இந்தக் கற்குழி என்னவென்று ஒரு பொறியியலாளரின் மொழியில் எழுதப்பட்டது. ஐரோப்பாவில் அண்மையில் கட்டத் தொடங்கிய அடைப்புக் கோபுரங்களும் அடைப்புக் குழிகளும் செய்யும் அதே வேலையை இவை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்தன என்றார் அவர். குடியேற்ற அரசின் உத்தியோகத்தர் ஒருவர், தன் நாட்டவர் நேற்றுக் கற்றதை இந்த மண்ணின் ஆட்கள் எப்போதோ அறிந்திருந்தார்கள் என்று அச்சில் எழுதியது சிறிய விடயமில்லை. பின்னாளில் சீனத்தின் அறிவியல் வரலாற்றை எழுதிய ஜோசப் நீதம் நீரியல் பகுதியில் இலங்கைக் குளங்களுக்கு இடம் ஒதுக்கினார். வன்னிக் காட்டின் கற்குழி உலகப் பொறியியல் வரலாற்றுக்குள் போனது இந்த வழியால்தான்.

பார்க்கரின் நூலுக்குச் சற்று முன்னே, 1895இல், ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களுக்கான கையேட்டை வெளியிட்டார். ஊர், குளம், சனத்தொகை என்று வரிசையாகப் போகும் அந்த நூலைப் படிக்கும்போது, ஆள் இல்லாத ஊர்களும் நீர் இல்லாத குளங்களும் எவ்வளவு என்பது மனதைப் பாரமாக்கும். 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தனியாக அமைந்தது. கிளிநொச்சியில் கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடு எழும்பியது. 1940களின் பின்பகுதியில் டி.டி.ரீ. வந்து மலேரியா தணிந்த பிறகு, 1950களில் வவுனிக்குளமும் பாவற்குளமும் பதவியாவும் திருத்தப்பட்டுக் குடியேற்றத் திட்டங்கள் வந்தன. காடு மறுபடி வயலானது.

அந்தத் திருத்த வேலையில் பழைய துருசுகளுக்கு நேர்ந்தது கலவையான கதை. சிலவற்றின் மேல் புதுக் கட்டு ஏறிவிட்டது. சில பிரிக்கப்பட்டுப் பக்கத்தில் கொங்கிறீற்றுத் துருசு வந்தது. கற்கள் பாலத்துக்கும் அத்திவாரத்துக்கும் போயின. குளத்தடிப் பிள்ளையார் கோயிலின் படியாக ஒரு துருசுக்கல் கிடந்தால் நான் குறை சொல்லமாட்டேன், அங்கேயாவது ஒவ்வொரு நாளும் யாரோ அதைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். குறை சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. பிரிக்கும்போது அளந்து வரைந்த படங்கள் எங்கே போயின? அவற்றைப் பள்ளிக்கூடத்துக்கும் மாவட்ட நூலகத்துக்கும் கொடுத்திருந்தால், துருசுக்குப் பக்கத்திலேயே வளர்ந்த பிள்ளைகள் அதைப் புதையல் அறை என்று நம்பி வளர்ந்திருக்க மாட்டார்கள்.

வேடிக்கையாகத் தோன்றலாம், இன்றைய துருசும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கட்டின் நீர்ப்பக்கத்தில் ஒரு கொங்கிறீற்றுக் கோபுரம், மேலே இரும்புச் சில்லு, கீழே கதவு. சில்லைச் சுற்றினால் கதவு ஏறும். எவ்வளவு திறப்பதென்பது இப்போது கூட்டத்தில் முடிவாகும். சிறுபோகக் கூட்டத்தில் அரசாங்க அதிபர், நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமக்காரர் அமைப்புகள் எல்லாரும் இருந்து, குளத்தில் இத்தனை அடி நீர் நிற்கிறது, ஆகவே இத்தனை ஏக்கர் செய்யலாம், யாருக்கு எத்தனை பங்கு என்று வாதாடுவார்கள். சத்தம் போடுவார்கள். கோபித்துக்கொண்டு எழும்பிப் போவதும் நடக்கும். 2018 டிசம்பரில் இரணைமடு நிரம்பி வான் கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது, கதவை எந்த நேரத்தில் திறந்திருக்க வேண்டும் என்பதே பெரிய விசாரணையானது. கருங்கல் போய்க் கொங்கிறீற்று வந்தாலும் கேள்வி அதேதான். எப்போது திறப்பது, எவ்வளவு, யாருடைய சொல்லுக்கு?

போர்க்காலம் இந்தக் கதையில் நீண்ட இடைவெளி. 1995இன் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த இலட்சக்கணக்கானோரை வன்னி ஏற்றது. குளத்தடி ஊர்கள் அவர்களுக்குச் சோறு போட்டன. 2008இலும் 2009இலும் அந்த ஊர்களே வெறுமையாயின. மீளக்குடியேறி வந்தவர்கள் முதலில் பார்த்தது கூரையை, இரண்டாவது குளத்தை.

இனிக் காணிக்காரரிடம் திரும்ப வேண்டும். தன் காணிக்குள் குழி அகப்பட்டதும் அவருக்கு வரும் பயம் நியாயமானது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, மண்ணுக்குள்ளிருந்து வெளிப்படும் தொல்பொருள் அரசுக்குரியது. காணி தன்னுடையது என்பதால் மட்டும் அதில் அகப்பட்ட பழம்பொருள் தன்னுடையதாகிவிடாது. பழங்காலக் கட்டுமானங்களுக்கும் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. சட்டத்தின் நோக்கத்தில் தவறில்லை. ஆனால் வன்னியில் தொல்பொருள் என்ற சொல் கேட்டதும் கமக்காரருக்கு முதலில் தோன்றுவது எல்லைக்கல். தண்ணிமுறிப்புக்குப் பக்கத்தில் குருந்தூர்மலையிலும், நெடுங்கேணிப் பக்கத்தில் வெடுக்குநாறியிலும் தொல்பொருள் இடம் என்று சொல்லி அண்மை ஆண்டுகளில் எழுந்த இழுபறிகளை அவர் பார்த்திருக்கிறார். கல் ஒன்றைக் காட்டினால் வயலுக்குள் கால் வைக்க முடியாமல் போய்விடும் என்று அவருக்குப் படுகிறது. ஆகவே மண்ணைத் தள்ளி மூடிவிடுகிறார். மூடாதவரின் காணிக்குள் இரவில் புதையல் தோண்டுகிறவர்கள் வருகிறார்கள். அவர்கள் குழியின் அடியைக் கிளறி, மதகின் வாய்க்கல்லைப் புரட்டிப் போட்டுவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் போகிறார்கள். ஒன்றும் இருக்காது. நீர் போகிற வழியில் யாரும் பொன்னைப் புதைப்பதில்லை. ஆனால் அந்தக் கிளறலில், மரக்கதவு எப்படி நின்றது என்று சொல்லக்கூடிய கடைசிக் காடியும் உடைந்து போகிறது.

எனக்குக் கவலை தருவது இந்த இரண்டு அழிவும்தான். பயத்தால் மூடுவது, ஆசையால் தோண்டுவது. யாருடைய முன்னோர் கட்டியது என்று கேட்கிறவர்கள் எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குக் குழியில் எழுத்தாய் விடையில்லை. எந்த வயலுக்குத் தண்ணீர் விட்டது என்ற கேள்விக்கு அது இன்றும் விடை சொல்லும். வெளிமதகின் திசையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் பழைய வாய்க்காலின் தடம் கிடைக்கும், வாய்க்காலின் முடிவில் பழைய வயல் வெளி கிடைக்கும், மேட்டில் ஓட்டுத்துண்டு சிதறிய ஊரிருக்கை கிடைக்கும். ஒரு ஊரின் முழுப் படமும் அந்த நாலு சுவரிலிருந்து தொடங்குகிறது.

ஆகவே வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் நீர்ப்பாசனத் திணைக்களமும் கமநல சேவைத் திணைக்களமும் தங்கள் குளப் பட்டியலில் கைவிடப்பட்ட குளங்களின் பழைய துருசுகளுக்கும் ஒரு நிரல் ஒதுக்க வேண்டும். குழியின் நீள அகலம், மதகுகளின் எண்ணிக்கையும் திசையும், செங்கல்லின் அளவு, கல்லில் உள்ள காடிகள், அது நீர் கொடுத்த வாய்க்கால். பார்க்கர் ஒரு நாடாவோடும் பென்சிலோடும் செய்த வேலையைவிட இது அதிகமில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குக் கிளிநொச்சியில் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. தொல்லியல் படிக்கிற மாணவர்களும் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறார்கள். மூன்று தரப்பும் ஒன்றாக ஒரு குழியில் இறங்கினால் மரக்கதவின் கேள்விக்குக்கூட விடை வரலாம். காணிக்காரரை அந்த வேலையில் முதல் ஆளாகச் சேர்க்க வேண்டும். அவருடைய பயிர்ச்செய்கைக்குத் தடை வராது என்ற உறுதியை, அளவெடுக்க வருவதற்கு முன்பே பிரதேச செயலகம் எழுத்தில் கொடுக்க வேண்டும்.